கணக்கில் "மோர் தேன்" (more than, 'விட அதிகம்') பார்த்தாலே மகள் கூட்டிவிடுகிறாள், என்ன செய்வது?

புங்கோல்_அம்மா:
மகள் இங்கே சிங்கப்பூரில் தொடக்கநிலை 2, அதாவது இரண்டாம் வகுப்பு. 82-ல் 47 போனால் எத்தனை என்றால் டக்கென்று சொல்லிவிடுவாள். அதையே மூன்று வரிக் கதையாகக் கொடுத்தால் போச்சு. நேற்று வந்த பயிற்சித்தாளில், அலியிடம் 24 ஸ்டிக்கர், அது மேலிங்கிடம் இருப்பதைவிட 6 அதிகம், மேலிங்கிடம் எத்தனை என்று ஒரு கணக்கு. இவள் 30 என்று எழுதி, கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடும் போட்டிருக்கிறாள். கேட்டால், "மோர் தேன் இருக்கேம்மா, அப்போ பிளஸ்தானே?" என்கிறாள். இந்தச் சூத்திரத்தைச் சொல்லிக்கொடுத்த புண்ணியவதி நான்தான். அதை எப்படி மறக்கவைப்பது? வீட்டில் தமிழ், கணக்கு ஆங்கிலத்தில், அதுவும் ஒரு காரணமா? டியூஷன் போடலாம் என்கிறார் வீட்டுக்காரர், எனக்கு இஷ்டமில்லை.

தேக்கா_வாசி:
என் பையனும் இப்படித்தான் இருந்தான். கணக்கில் இருக்கும் எண்களை எல்லாம் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு வெறும் கதையை மட்டும் படிக்கச் சொன்னேன். படித்து முடித்ததும் ஒரே கேள்வி: யாரிடம் அதிகம்? கூட்டவா கழிக்கவா என்ற பேச்சே கிடையாது. முதல் ஒரு வாரம் முழித்தான், எண் இல்லாமல் கணக்கா என்று சண்டை வேறு. அப்புறம் சந்தைக்குப் போகும்போது, "கத்தரிக்காய் 3 வெள்ளி, அது வெண்டைக்காயைவிட 50 காசு அதிகம், வெண்டைக்காய் எவ்வளவு?" என்று கேட்பேன். கையில் சில்லறை இருந்தால் தப்பாகச் சொல்லமாட்டான், மீதி அவனுக்குத்தானே.

பழைய_வாத்தியார்:
அம்மா, கோட்டுப் படம் போடப் பழக்குங்கள், அதாவது ஒவ்வொரு அளவுக்கும் ஒரு நீளப் பெட்டி வரைந்து ஒப்பிடுவது, பள்ளியில் 'மாடல்' என்பார்கள். 1980களில் கோ டெக் ஹோங் தலைமையிலான பாடத்திட்டக் குழு இங்கே கொண்டுவந்த முறை அது. முதலில் கையில் பொருள், அடுத்து படம், கடைசியில்தான் எண் என்ற வரிசைக்குப் பின்னால் அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனரின் சிந்தனை இருக்கிறது. பெற்றோர் பலரும் பொருளைத் தாண்டி நேராகப் படத்துக்குப் போய்விடுகிறார்கள், பிள்ளைக்கு அந்தப் பெட்டிகள் வெறும் அலங்காரமாகிவிடுகின்றன. 24 பட்டாணியை ஒரு வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள், அது அலி. கீழே மேலிங்குக்கு 6 குறையும் வரை இன்னொரு வரிசை. பிறகு அந்த இரண்டு வரிசையைச் சுற்றிப் பென்சிலால் பெட்டி போட்டுவிட்டுப் பட்டாணியை எடுத்துவிட்டால், அதுதான் மாடல்.

கதையைப் படிக்காமல் எண்ணை மட்டும் பொறுக்குவது உங்கள் மகளின் குறை இல்லை. 1980 வாக்கில் பிரான்சின் கிரெனோபிள் நகரில், கப்பலில் 26 செம்மறியாடு, 10 வெள்ளாடு, கேப்டனுக்கு என்ன வயது என்று சிறுவர்களிடம் கேட்டார்கள். பெரும்பாலோர் அந்த எண்களை வைத்தே ஒரு வயதைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்கள்!

ஈசூன்_அப்பா:
வாத்தியார் சொன்னதோடு ஒன்று. தமிழில் சொல்லிக் கொடுப்பதால் குழப்பம் வராது, என் வீட்டில் அதுதான் கைகொடுத்தது. ஒரே விஷயத்தைத் திருப்பிச் சொல்லவையுங்கள்: "அலிக்கு மேலிங்கைவிட 6 அதிகம்னா, மேலிங்குக்கு அலியைவிட என்ன?" பிள்ளை "6 குறைவு" என்று வாயால் சொன்ன பிறகு ஆங்கில வரியைக் காட்டுங்கள். டியூஷன் அவசரமே இல்லை, தொடக்கநிலை 1, 2-ல் தேர்வே கிடையாது.

புங்கோல்_அம்மா:
எல்லாருக்கும் நன்றி. பட்டாணி இல்லை, தீபாவளி முறுக்கு மிச்சம் இருந்தது. 24 இல்லாததால் 12 வைத்து ஆரம்பித்தோம், மூன்றாவது கணக்கில் அவளே பெட்டி போட்டுவிட்டாள். அப்புறம் எனக்கு ஒரு கணக்கு கொடுத்தாள்: "அப்பாகிட்ட 9 முறுக்கு இருக்கு, அது என்கிட்ட இருக்கறதைவிட 9 அதிகம், என்கிட்ட எத்தனை?" திரும்பிப் பார்த்தால் அவர் வாயில் பத்தாவது.