வேப்பிலை ஜிங்க் ஆக்சைடு நானோ: ஈ.கோலை பாக்டீரியா பிளேட்டில் ஜோன் (கிருமி வளராத வளையம்) வரவில்லை

கேள்வி – தேன்மொழி_மைக்ரோ

10 கிராம் வேப்பிலைப் பொடியை 100 மி.லி. நீரில் 60 டிகிரியில் 20 நிமிடம் வைத்து வடித்த சாறு, 0.1 மோலார் ஜிங்க் நைட்ரேட்: இவற்றைச் சேர்த்து ஜிங்க் ஆக்சைடு நானோதுகள் செய்தேன். வீழ்படிவைக் கழுவி, 400 டிகிரியில் 2 மணி நேரம் சுட்டது. மில்லிக்கு 10 மி.கி. வீதம் டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கலந்து, அகார் பிளேட்டில் வெட்டிய 6 மி.மீ. குழியில் 50 மைக்ரோலிட்டர். ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவில் 14 மி.மீ. ஜோன்; ஈ.கோலையில் ஒன்றுமில்லை. ஈ.கோலைக்கு வேலை செய்யாது என்று எழுதிவிடலாமா?

பதில் – குழித்தட்டு

எழுதாதீங்க. ஜிங்க் ஆக்சைடு துகள் அகாருக்குள் (கிருமி வளரும் கூழ்) நகராது. பிளேட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்க, குழியின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். ஜோன் போடுவது பெரும்பாலும் கரைந்து வந்த துத்தநாக அயனிதான். அதையும் மீடியத்தில் உள்ள பாஸ்பேட் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த 14 மி.மீ.யையும் அப்படியே நம்ப வேண்டாம். டி.எம்.எஸ்.ஓ. மட்டும் ஒரு குழி, கலவையை 10,000 ஆர்.பி.எம்.மில் சுழற்றி எடுத்த தெளிநீர் ஒரு குழி போட்டீங்களா?

எம்.ஐ.சி. (வளர்ச்சியைத் தடுக்கும் குறைந்தபட்ச அளவு) பாருங்க. குழித்தட்டில் முல்லர் ஹிண்டன் பிராத் என்ற திரவ ஊடகம், மில்லிக்கு 4 மி.கி.யில் தொடங்கிப் பாதி பாதியாக 8 நீர்ப்பு, குழியில் கிருமி மில்லிக்கு 5 லட்சம், 35 டிகிரி, 18 மணி நேரம். கலவையை ஊற்றும் முன் 20 நிமிடம் சோனிகேட் செய்து (மீயொலியால் துகளைப் பிரித்து), பிப்பெட்டில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் குலுக்கணும். இல்லையென்றால் முதல் குழிக்குத் தண்ணீரும் கடைசிக் குழிக்குத் தூளும் போகும். ஓ.டி. (கலங்கல் அளவு) பார்த்துப் பயனில்லை, தூளே கலங்கல். குழியிலிருந்து எடுத்துப் பத்து மடங்கு நீர்த்து, தூள் சேர்க்காத ஊட்ட அகாரில் பரப்பிக் காலனி எண்ணுவதுதான் நம்பகமானது. நீர்க்காமல் பரப்பினால் கூடவே வரும் தூள் அங்கேயும் வளர்ச்சியைத் தடுக்கும்.

பதில் – ஊதாநிறம்

ரெசசூரின் (உயிருள்ள கிருமி இருந்தால் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும் சாயம்) போடுவதானால், சாறு உள்ள, கிருமி இல்லாத குழி ஒன்று கட்டாயம். வேப்பிலைச் சாறே அதை இளஞ்சிவப்பாக்கக்கூடும்.

இன்னொன்று, 400 டிகிரியில் இலைப்பொருள் பெரும்பாலும் எரிந்துவிடும். அதன் பிறகு "வேம்பின் கூட்டுப்பலன்" என்று எழுத ஆதாரம் கிடையாது. பலரும் இதை எழுதிவிடுகிறார்கள். கூட்டுப்பலன் காட்டணுமென்றால் சாறும் துகளும் செக்கர்போர்டு முறையில் (இரண்டின் அளவையும் மாற்றி மாற்றிச் சேர்த்து) பார்க்கணும்; கூட்டுப்பலனை அளக்கும் எப்.ஐ.சி. குறியீடு 0.5 அல்லது அதற்குக் கீழே வரணும். கடையில் வாங்கிய, அதே அளவுள்ள ஜிங்க் ஆக்சைடும், சம துத்தநாகம் உள்ள உப்பும் பக்கத்தில் இருக்கட்டும். 1 மி.கி. ஆக்சைடுக்கு ஜிங்க் நைட்ரேட் ஹெக்ஸாஹைட்ரேட் 3.66 மி.கி.

தேன்மொழி_மைக்ரோ

நன்றி. தூளை எப்படி ஸ்டெரைல் செய்வது? கலவையை ஆட்டோகிளேவில் வைக்கலாமா?

குழித்தட்டு

வேண்டாம், துகள் திரண்டுவிடும். உலர்தூளை 160 டிகிரி ஹாட் ஏர் அவனில் 2 மணி நேரம் வைத்து, ஸ்டெரைல் நீரில் கலக்குங்க. ஹூட்டின் யு.வி. விளக்கை அணைத்த பிறகே கலவையை உள்ளே கொண்டுபோங்க, யு.வி. பட்டால் ஜிங்க் ஆக்சைடு ஆக்சிஜன் ரேடிக்கல்களை உண்டாக்கும். தட்டை அலுமினிய ஃபாயிலில் சுற்றி ஒன்று, வெளிச்சத்தில் ஒன்று வைத்தால் அந்த வேறுபாடும் தெரிந்துவிடும்.