ஐ.எஸ்.ஓ. சான்று இருந்தா போதுமா? கடலோரக் குடிநோய் மறுவாழ்வு இல்லங்கள் பற்றி

உப்பளம்:
சாயல்குடியில் இருந்து மண்டபம் வரை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு நோட்டீஸ் சுற்றுகிறது. "வண்டி அனுப்பி ஆளை ஏற்றிக்கொள்வோம். 90 நாள். முதல் மாதம் போன் கிடையாது. ஐ.எஸ்.ஓ. சான்று பெற்ற, பதிவு செய்யப்பட்ட அறக்கட்டளை." மனநல ஆணையத்தின் பதிவு எண் மட்டும் அதில் எங்கேயும் இல்லை.

2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, குடியாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைப் பாதிப்பையும் தன் வரையறைக்குள் வைத்திருக்கிறது. இப்படிப்பட்டவரைத் தங்கவைத்து சிகிச்சையோ மறுவாழ்வோ தரும் எந்த இடமும் பிரிவு 65-ன்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவாக வேண்டும். ஆசிரமம், ஜெப வீடு என்று பெயர் வைத்தாலும் விலக்கு இல்லை. அறக்கட்டளைப் பத்திரம் சார்பதிவாளர் ஆபீசில் பதிவானது, அவ்வளவுதான். ஐ.எஸ்.ஓ. 9001 நிர்வாக நடைமுறைக்கான சான்று. மருத்துவமனைகளுக்கான என்.ஏ.பி.ஹெச். அங்கீகாரம் தரத்தைப் பார்ப்பதுதான், ஆனால் விரும்பினால் வாங்குவது. உரிமத்துக்கு மாற்று ஆகாது. பதிவு இல்லையென்றால் சீல் வைக்க வேண்டும். ஏர்வாடி இருக்கும் மாவட்டத்தில் இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கிறதே!

வலைபின்னி:
சீல் வச்சிட்டு அந்த ஆளுங்களை எங்க அனுப்புவீங்கண்ணே? ஏர்வாடின்னு நீங்களே ஆரம்பிச்சீங்க. 2001 ஆகஸ்ட் 6 அங்க மனநலக் காப்பகத்துல பிடிச்ச தீயில சங்கிலியோட 28 பேர் கருகினதும், அதே மாசம் அந்த மாதிரி இல்லங்களை மூடி 500 பேருக்கு மேல அரசுப் பொறுப்புக்கு வந்ததும் தெரியாதவங்க இங்க யாருமில்ல. மூடினது சரி. ஆனா கட்டில் இல்லாம மூடினா, குடும்பம் அடுத்த தெருவுல இன்னொரு பூட்டுன ரூமைத்தான் தேடும். ராமேஸ்வரத்துல இருந்து ராமநாதபுரம் ஜி.ஹெச். 55 கிலோமீட்டர். அதுக்கு மேலன்னா மதுரை. கடல்தொழில் செய்யுறவன் வீட்டுல யாரு போய் ஒரு மாசம் கூட உட்காருவா?

உரிமம் தரமுடியாத அளவுக்கு விதி போட்டா எல்லாருமே உரிமம் இல்லாதவங்கதான். அதே பிரிவு 65, உள்ளூர் நிலைமையைப் பார்த்து வகைக்கு வகை வேற குறைந்தபட்சத் தரம் வைக்கச் சொல்லுது. அந்த வரியை யாரும் படிக்கிறதில்ல.

சுக்கான்:
ரெண்டு பேரும் சுவரில் மாட்டும் காகிதத்துக்குச் சண்டை போடுறீங்க. ஆளுக்கு எந்த நிலைக் கவனிப்பு வேணும்னு முதல்ல பாருங்க.

தினமும் குடிக்கிறவர் சட்டுன்னு நிறுத்தினா 6 முதல் 24 மணிக்குள்ள கை நடுக்கம், வியர்வை, வாந்தி. 12 முதல் 48 மணிக்குள்ள வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணிக்குள்ள ஜன்னி: ஆள் தெரியாது, இல்லாத பூச்சியைக் கையால தட்டுவார், காய்ச்சல், நாடி ஓட்டம். கவனிக்காம விட்டா உயிர் போகும். கரையில குடிச்சிட்டு மீன்துறை அனுமதி டோக்கன் போட்டு கடலுக்குப் போனவருக்கு நடுக்கடல்ல வலிப்பு வர்றதும் இந்தக் கணக்குதான். பூட்டுன ரூம்ல வந்தா "நடிக்கிறான்"னு அடி விழும்.

அதனால முதல் 5 முதல் 7 நாள் மருத்துவக் கவனிப்பு. முன்னாடி வலிப்போ ஜன்னியோ வந்திருந்தா, ஈரல் கெட்டிருந்தா, வீட்டுல பார்க்க ஆள் இல்லைன்னா கண்டிப்பா ஆஸ்பத்திரிப் படுக்கை. நடுக்கம், வலிப்பை அடக்கக் கொடுக்கிற மாத்திரையில, ஈரல் கெட்டவருக்கு குளோர்டயாசிபாக்சைடு உடம்புல தங்கிடும், லோராசிபாம்தான் பாதுகாப்பு. இதை வார்டன் முடிவு பண்ண முடியாது. லேசான கேஸ்ல புறநோயாளியாவே முடிக்கலாம்: மூணு நாலு நாள் மாத்திரையை மட்டும் மனைவி கையில கொடுத்து, திரும்ப வரச்சொல்லணும்.

இன்னொண்ணு, இதுதான் அதிகம் நடக்குது. "சோர்வா இருக்கார்"னு வெறும் குளுக்கோஸ் பாட்டில் ஏத்துறது. குடிநோயாளி உடம்புல தயமின், அதாவது பி1, வத்திப்போயிருக்கும். தயமின் ஊசி போடாம குளுக்கோஸ் ஏத்தினா மிச்சமிருக்கிறதும் தீர்ந்து, கண் ஆட்டம், தள்ளாட்டம், குழப்பம் ஆரம்பிக்கும். பார்க்கிறவங்க "இன்னும் போதை இறங்கல"ன்னு படுக்க வைப்பாங்க. நினைவாற்றல் நிரந்தரமா போயிடலாம்.

உப்பளம்:
இதைத்தான் நானும் சொல்கிறேன். இத்தனையும் பார்க்க மருத்துவர் இல்லாத இடம் எதற்காகத் திறந்திருக்க வேண்டும்? நோட்டீஸைத் திரும்பப் படியுங்கள். விருப்பமில்லாதவரை ஏற்றிக்கொள்ள பிரிவு 89 இருக்கிறது: ஒரு மனநல மருத்துவர், கூடவே ஒரு மனநல நிபுணரோ மருத்துவரோ, இருவரும் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். தனக்கோ பிறருக்கோ ஆபத்து, அல்லது தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலை என்றால் மட்டும், அதிகபட்சம் 30 நாள். 7 நாளுக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். பெண்ணோ சிறாரோ என்றால் 3 நாள். ஆளைத் தூக்க வருகிற வேனில் மனநல மருத்துவரா உட்கார்ந்திருக்கிறார்? விரும்பிச் சேர்ந்தவர் போகிறேன் என்றால் 24 மணி நேரத்துக்கு மேல் நிறுத்த முடியாது. மொட்டை அடிக்கக் கூடாது, கட்டாய வேலை வாங்கக் கூடாது, நியாயமான நேரத்தில் போன் பேசும் உரிமையைப் பறிக்கக் கூடாது. எல்லாம் அதே சட்டத்தில் இருக்கிறது.

வலைபின்னி:
அபராதத்தையும் சொல்லுங்க. பதிவில்லாம நடத்தினா முதல் தடவை 5,000-ல இருந்து 50,000 ரூபாய். 90 நாளைக்குக் குடும்பங்கள்ட்ட வாங்குற காசுக்கு இது சில்லறைக்காசு. அதனாலதான் சொல்றேன், மிரட்டுறதை விட வரிசைக்குள்ள கொண்டுவர்றது லாபம். சுக்கான் சொன்ன முதல் வாரம் ஜி.ஹெச்.ல முடியட்டும். அப்புறம் மூணு வாரம் கவுன்சிலிங், சாப்பாடு, குடும்பச் சந்திப்பு, இதுக்கு ஒரு எளிய வகை உரிமம் போதும். மத்திய சமூகநீதி அமைச்சகமும் 15 படுக்கை அளவுல மையங்களுக்கு நிதி கொடுக்குது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14, 61 நாள். விசைப்படகுக்காரனுக்கு அட்மிஷனும், வாராவாரம் திரும்பப் பார்க்கிறதும் அதுக்குள்ள அடங்கும்.

சுக்கான்:
அது குடிக்குச் சரி. ஹெராயினோ, அதே வகை (ஓபியாய்டு) வலி மாத்திரையோ ஊசியோ போடுற ஆளுக்கு அதே கணக்குப் போடாதீங்க. 90 நாள் பூட்டிவச்சா உடம்போட தாங்கும் சக்தி இறங்கிடும். வெளிய வந்து பழைய அளவையே போட்டா மூச்சு நின்னுடும். அவருக்கு அந்த ஏக்கத்தை அடக்குற புப்ரினார்ஃபின் மருந்துல தொடர் சிகிச்சை, புறநோயாளியாவே, மாசக்கணக்குல. கட்டிலே தேவைப்படாமப் போகலாம்.

அனுப்பும்போது, குடிச்சா உடம்பு ஒத்துக்காம பண்ணுற டைசல்ஃபிராம் மாத்திரையை "குழம்புல கலந்து கொடுங்க"ன்னு தர்ற இடம் எந்த உரிமம் வச்சிருந்தாலும் அங்க போகாதீங்க. ஆளுக்குத் தெரியாம கொடுத்து, அவர் குடிச்சா ரத்த அழுத்தம் சரிஞ்சு விழுவார். மாத்திரையை நிறுத்தினாலும் ரெண்டு வாரம் வரை அந்த ஆபத்து இருக்கு.

புதுமடத்தார்:
சட்டம் எல்லாம் சரிங்க. போன்ல விசாரிக்கிறப்ப என்ன கேக்கணும்? அதைச் சொல்லுங்க.

சுக்கான்:
பதிவு எண்ணைக் கேளுங்க. சான்றிதழ் தற்காலிகமா நிரந்தரமா, எந்தத் தேதி வரை செல்லும்னும் பாருங்க. தற்காலிகம்னா 12 மாசம்தான். அடுத்து, "ராத்திரி 2 மணிக்கு வலிப்பு வந்தா யார் ஊசி போடுவாங்க?" அங்கயே தங்குற நர்ஸ் இருக்காங்க, கூப்பிட்டா வர்ற டாக்டர் யார்னு சொன்னா மேல பேசுங்க. "108 கூப்பிடுவோம்"னா அது விடுதி. நடுக்கமெல்லாம் அடங்கி, ஜி.ஹெச். டிஸ்சார்ஜ் சீட்டோட போறவருக்கு மட்டும்தான் அது சரிப்படும். நேர்ல போனா, நடுக்கம், வியர்வைக்கு மணி போட்டு மார்க் எழுதுற தாளைக் காட்டச் சொல்லுங்க. முதல் நாள்ல நாலு மணிக்கொரு தடவையாவது எழுதியிருக்கணும்.

உப்பளம்:
அந்த விடுதிகள்தான் குடித்த நிலையிலேயே ஆளை ஏற்றுகின்றன. நோட்டீஸ் அதைத்தானே விளம்பரம் செய்கிறது?

வலைபின்னி:
அந்த வண்டியை நிறுத்தச் சொல்லுங்கண்ணே, நானும் கையெழுத்துப் போடுறேன். கட்டடத்துக்கு சீல் வைக்கிற மனுவுல போட மாட்டேன்.