யூ.எஸ். ஏர்வேஸ் – அமெரிக்கா வெஸ்ட் இணைப்பு: சீனியாரிட்டி பட்டியல் ஏன் சிக்கியது?

கேள்வி (ஓடுபாதை):
2005-ல் இணைப்பு, இரு கம்பெனி பைலட்டுகளையும் ஒரே சீனியாரிட்டி பட்டியலில் (யார் மூத்தவர் என்ற வரிசை) சேர்க்க 2007 மே மாதம் நடுவர் ஜார்ஜ் நிக்கொலாவின் தீர்ப்பு. ஆனாலும் 2013-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸோடு சேரும்வரை கிழக்கு பைலட் (யூ.எஸ். ஏர்வேஸ்), மேற்கு பைலட் (அமெரிக்கா வெஸ்ட்) என்று இரண்டு பட்டியல்தான். கட்டுப்படுத்தும் தீர்ப்பை எப்படிக் கிடப்பில் போட முடிந்தது? வேலைக்குச் சேர்ந்த தேதிப்படி அடுக்கியிருந்தால் தீர்ந்திருக்காதா?

பதில் 1 (வால்சிறகு):
தேதிப்படி அடுக்கினால் மேற்கு ஆட்கள் அடிவாங்கியிருப்பார்கள். யூ.எஸ். ஏர்வேஸ் 2002, 2004 என இரண்டு முறை திவால் மனு கொடுத்துச் சுருங்கிய கம்பெனி. பல வருஷ சர்வீஸ் இருந்தும் பலர் ஃபர்ஸ்ட் ஆபீசராகவே (கேப்டனுக்கு அடுத்த துணை விமானி) நின்றார்கள், அல்லது லே-ஆஃபில் இருந்தார்கள். அமெரிக்கா வெஸ்டில் வயதில் இளையவர்கள் கேப்டன் ஆகியிருந்தார்கள்.

நிக்கொலா செய்தது: அகல உடல் விமானங்கள் (இரண்டு நடைபாதை உள்ள பெரிய விமானங்கள்) கிழக்கில் மட்டும் இருந்ததால் அங்கிருந்து 517 பேர் உச்சியில். அடுத்து வேலையில் இருந்தவர்கள், பதவி, விமான வகை வாரியாக விகிதத்தில். லே-ஆஃபில் இருந்த சுமார் 1,700 கிழக்கு பைலட்டுகள் அடியில். விகிதம் என்றால், ஒரே வகை விமானத்தில் அங்கே 600 கேப்டன், இங்கே 200 என்றால் மூன்றுக்கு ஒன்று. இதில்தான் கிழக்கின் 17 வருஷ சர்வீஸ்காரர், மேற்கில் புதிதாகச் சேர்ந்தவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பேஸ் (எந்த ஊரிலிருந்து பறப்பது), ரூட், லீவு, கேப்டன் பதவி, அடுத்த லே-ஆஃப் எல்லாமே பட்டியலில் உள்ள எண்ணைப் பார்த்துத்தான். கொதிக்காமல் என்ன செய்வார்கள்?

பதில் 2 (காற்றுமானி):
பட்டியல் நடைமுறைக்கு வர, முதலில் இரு தரப்புக்கும் பொதுவான ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். பூட்டு அங்கேதான். கிழக்கு தரப்பு அந்தப் பேச்சுவார்த்தையை நகரவிடவில்லை. 2008 ஏப்ரலில் பெரும்பான்மை ஓட்டை வைத்து பழைய சங்கமான ஆல்பாவையே வெளியேற்றி, சேர்ந்த தேதிதான் அளவுகோல் என்ற புதுச் சங்கமான யுசாபாவைக் கொண்டுவந்தார்கள். விலையும் கொடுத்தார்கள்: திவால் காலத்துக் குறைந்த சம்பளத்திலேயே தொடர்ந்தார்கள்.

மேற்கு பைலட்டுகள் யுசாபா மீது வழக்குப் போட்டு 2009-ல் ஜூரியிடம் வென்றார்கள். 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வெற்றியை ரத்து செய்தது: ஒப்பந்தமே வரவில்லை, பாதிப்பை இப்போதே எப்படிச் சொல்வது என்று. 2015-ல் அதே நீதிமன்றம் யுசாபா நியாயமாக நடக்கவில்லை என்றது. ஒருங்கிணைந்த பட்டியல் 2016-ல்தான் வந்தது.

பதில் 3 (நடுவானம்):
ஆல்பா பின்னர் 2009-ல் தன் இணைப்புக் கொள்கையில் சர்வீஸ் காலத்தையும் கணக்கில் எடுக்கவேண்டிய அம்சமாகச் சேர்த்தது.

இப்படி ஒரு தீர்ப்பு கையில் வந்தால் தன் எண்ணை மட்டும் பார்த்துவிட்டுச் சண்டைக்குப் போகக்கூடாது. எந்தத் தேதியின் ஆள்கணக்கை எடுத்தார்கள்? அன்று லே-ஆஃபில் இருந்தவர்களை எங்கே வைத்தார்கள்? குறிப்பிட்ட விமானத்தையோ பேஸையோ ஒரு தரப்புக்குக் காக்கும் வேலி உண்டா, எத்தனை வருஷத்துக்கு? இருக்கும் சீட்டிலிருந்து யாரையும் இறக்கக்கூடாது என்ற விதி உண்டா? எந்தத் தரப்பில் 65 வயது ஓய்வு முதலில் வரிசையாக வருகிறது என்பதையும் பாருங்கள். இன்று சமமான விகிதம், பத்து வருஷத்தில் ஒரு பக்கத்துக்கு லாபமாகிவிடும். டெல்டா – நார்த்வெஸ்ட் இணைப்பில் நார்த்வெஸ்ட் பைலட்டுகள் முன்வைத்த வாதங்களில் அதுவும் ஒன்று.

ஓடுபாதை:
அப்படியானால் ஏர் இந்தியா – இந்தியன் ஏர்லைன்ஸ்?

நடுவானம்:
2007-ல் இணைப்பு. 2012-ல் புதிதாக வந்த போயிங் 787 விமானத்துக்கான பயிற்சி இந்தியன் ஏர்லைன்ஸ் தரப்புக்கும் போகிறது என்று ஏர் இந்தியா தரப்பு பைலட்டுகள் 58 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். புது விமானத்தில் யார் முதலில் ஏறுவது என்பதும் சீனியாரிட்டி சண்டைதான் சார்.