ஐந்தாவது வாரம்: இப்போதே ஸ்கேன் எடுப்பதா, பொறுப்பதா?

தண்டையார்பேட்டை மருமகள்:
இது எனக்கு முதல் கர்ப்பம். கடைசியாகத் தலைக்குக் குளித்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் இன்றோடு ஐந்து வாரம் மூன்று நாள். வீட்டில் பார்த்தபோதே இரண்டு கோடு வந்துவிட்டது. மாநகராட்சி சுகாதார நிலையத்திலும் சோதித்துவிட்டு, பெயர் பதிந்து, ஃபோலிக் ஆசிட் சத்து மாத்திரை கொடுத்தார்கள். ஸ்கேனுக்கு அவசரம் இல்லை, அடுத்த முறை வரும்போது எழுதித் தருகிறோம் என்றார் அங்கிருந்த நர்ஸ் அக்கா. நாத்தனார் போகிற தனியார் டாக்டரோ இந்த வாரமே எடுத்துவிடுங்கள் என்கிறார்.

மாமியாருக்கு எதுவுமே பிடிக்கவில்லை. மூன்று மாதம் முடியாமல் கருவை மெஷினுக்குக் காட்டினால் சூடு பட்டுக் கலைந்துவிடும் என்கிறார். அவருக்கு ஒருமுறை கலைந்திருக்கிறது, அந்தப் பயம் இன்னும் போகவில்லை. எனக்கு வலி இல்லை, ரத்தம் படவில்லை. காலையில் குமட்டல் மட்டும் இருக்கிறது. எனக்கு மாதவிலக்கு சில மாதம் 28 நாளில் வரும், சில மாதம் 35 நாள்கூட ஆகும். நான் என்ன செய்யட்டும்?

வியாசர்பாடி அம்மா:
பொறு தங்கச்சி. நான் அவசரப்பட்டுப் போய் அனுபவித்தவள். என் கணக்குப்படி ஆறாவது வாரம் தொடங்கிய அன்றே ஒரு தனியார் இடத்தில் எடுத்தேன். "பை மட்டும்தான் இருக்கு, குழந்தை வளரல, மாத்திரை தரேன், கிளீன் பண்ணிக்கலாம்" என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். பை என்றால் கரு வளரும் நீர்ப்பை. அன்று இரவு நானும் என் கணவரும் சாப்பிடவே இல்லை. என் அம்மாதான் மாத்திரையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு வேறு இடத்தில் காட்டச் சொன்னார். பதினொரு நாள் கழித்துப் போனோம். திரையில் துடிப்பு தெரிந்தது. அந்தப் பையன் இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறான். அந்த மாத்திரையைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் சில இரவுகளில் நினைத்து எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

காசிமேட்டுக்காரி:
வியாசர்பாடி அக்கா, உங்களுக்கு நடந்தது கொடுமைதான். ஆனால் அது ஸ்கேனின் குற்றம் இல்லை, பார்த்துச் சொன்னவரின் அவசரம். என் தங்கைக்கு நடந்தது வேறு. கொருக்குப்பேட்டையில் இருந்தாள். அவளுக்கும் ஸ்கேன் மூன்றாம் மாதம் போதும் என்றுதான் எல்லோரும் சொன்னோம், நானும் சொன்னேன். ஏழாவது வாரம் அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி வந்தது. வாயு என்று நினைத்து இரண்டு நாள் ஓமத் தண்ணீர் குடித்திருக்கிறாள். மூன்றாம் நாள் தோள்பட்டை குத்துகிறது என்றாள், அப்படியே மயங்கி விழுந்தாள். ஆம்புலன்ஸில் ஏற்றிப் போனால் ரயில்வே கேட் மூடியிருக்கிறது. கரு கர்ப்பப்பைக்குப் போகாமல் சினைக்குழாயில் தங்கி, குழாய் வெடித்து, வயிறு முழுக்க ரத்தம். உயிர் பிழைத்தது பெரிய விஷயம். ஒரு குழாயை எடுத்துவிட்டார்கள். முன்னாடியே ஒரு ஸ்கேன் எடுத்திருந்தால் ஊசியிலேயே சரி செய்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். தங்கச்சி, நீ நாளைக்கே போ.

திருவொற்றியூர் அப்பா:
இரண்டு பேர் சொல்வதும் மனதைப் பிசைகிறது. ஆனால் ஒரு பயத்தை வைத்து எல்லாப் பெண்களையும் ஸ்கேன் சென்டர் வாசலில் நிறுத்துவது சரியா? என் மனைவிக்கு ஒரே கர்ப்பத்தில் ஒன்பது ஸ்கேன் எடுக்க வைத்தார்கள். எனக்குத் தினக்கூலி. போகும் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் சம்பளமும் போகும். உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 24 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன் என்றுதான் இருக்கிறது. அதோடு, கரு தானாகக் கலையப் போகிறது என்றால் ஐந்தாவது வாரம் பார்த்து யாரும் அதை நிறுத்திவிட முடியாது. பிறகு எதற்கு?

ஓய்வுபெற்ற நர்ஸ், ராயபுரம்:
முப்பது வருடத்துக்கு மேல் பிரசவ வார்டில் இருந்தவள். மாமியார் பயத்தில் இருந்து தொடங்குகிறேன். ஸ்கேனில் போவது ஒலி அலை, எக்ஸ்ரே மாதிரி கதிர்வீச்சு இல்லை. கருவைக் கலைக்காது. அவர் சொல்லும் சூட்டில் ஒரு துளி விஷயம் உண்டு: துடிப்பின் சத்தத்தைக் கேட்க வைக்கும் டாப்ளர் என்கிற முறையில் அலை அதிக சக்தியோடு ஒரே இடத்தில் படும். அதனால்தான் முதல் மூன்று மாதத்தில் அதை வழக்கமாகப் பயன்படுத்துவதில்லை. துடிப்பின் சத்தத்தைக் கேட்க ஆசைப்பட வேண்டாம், திரையில் பார்த்தாலே போதும்.

இனி நாள். நாங்கள் வாரத்தைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளில் இருந்து எண்ணுகிறோம். மகளே, உனக்கு 35 நாள் சுழற்சியும் உண்டு என்கிறாய். இந்த முறை அப்படி இருந்திருந்தால், கரு உருவானதே ஒரு வாரம் பிந்தி. உன் கணக்கில் ஐந்தரை வாரம் என்றால் உள்ளே நாலரைதான். அந்த அளவில் பைகூடத் தெளிவாகத் தெரியாமல் போகலாம். துடிப்பு ஆறு வாரம் முடிவதை ஒட்டித்தான் தெரியத் தொடங்கும், அதுவும் பிறப்புறுப்பு வழியாகப் பார்க்கும் உள்வழி ஸ்கேனில். வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தால் இன்னும் சில நாள் ஆகும். வியாசர்பாடி அம்மாவுக்கு நடந்தது இதுதான். கருவின் நீளம் 7 மில்லிமீட்டரைத் தொட்டும் துடிப்பு இல்லை, அல்லது பை 25 மில்லிமீட்டர் ஆகியும் உள்ளே கரு இல்லை என்றால்தான் வளரவில்லை என்ற பேச்சே வர வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் ஒரு வாரமோ இரண்டு வாரமோ விட்டு மறுபடி பார்க்க வேண்டும்.

தம்பி திருவொற்றியூர், ஒன்பது ஸ்கேன் அதிகம்தான், உங்கள் கோபம் நியாயம். ஆனால் எதற்கு என்று கேட்டீர்களே. முதல் மூன்று மாதத்தில் கருவின் நீளத்தை அளந்தால் பிரசவத் தேதி ஐந்து முதல் ஏழு நாள் வித்தியாசத்துக்குள் கிடைக்கும். கடைசி மாதங்களில் அளந்தால் மூன்று வாரம்வரை தவறும். தேதி தவறாக இருந்தால், "நாள் தாண்டிவிட்டது" என்று வலி வராதவளுக்கு வலி வர வைப்பார்கள். இதை வார்டில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! சுழற்சி ஒழுங்கில்லாத இந்தப் பெண்ணுக்கு அந்த ஒரு அளவு ரொம்ப முக்கியம்.

திருவொற்றியூர் அப்பா:
தேதிக்காக என்றால் 11 முதல் 13 வாரத்துக்குள் எடுக்கும் என்.டி. ஸ்கேனிலேயே (குழந்தையின் பின்கழுத்தைப் பார்ப்பது) அளந்துவிடலாமே அம்மா? அது எப்படியும் எடுக்கப் போகிறார்கள். நடுவில் இன்னொன்று ஏன்?

ஓய்வுபெற்ற நர்ஸ், ராயபுரம்:
அளக்கலாம், அது சரியான கேள்விதான். தேதி மட்டும் என்றால் நானும் அதுவரை பொறு என்பேன். ஆனால் காசிமேட்டு மகள் சொன்னது இருக்கிறதே, அதற்கு 12 வாரம் காத்திருக்க முடியாது. நூறு கர்ப்பத்தில் ஒன்றோ இரண்டோ கர்ப்பப்பைக்கு வெளியே தங்கும். முன்பு அப்படி ஆனவர்கள், குழாயில் அறுவை சிகிச்சையோ தொற்றோ வந்தவர்கள், காப்பர்-டி இருக்கும்போதே கரு தரித்தவர்கள் காத்திருக்கவே கூடாது. எந்தக் காரணமும் இல்லாதவர்களுக்கும் அது வரும் என்பதுதான் சிக்கல். அதனால் என் யோசனை, ஏழு வாரம் முடிந்து எட்டாவது வாரத்தில் ஒரு ஸ்கேன். வலி இல்லாதவளுக்கு அதற்கு முன்னால் தேவையில்லை.

காசிமேட்டுக்காரி:
அம்மா, உங்கள் மேல் மரியாதை உண்டு, ஆனால் இதை ஏற்க முடியவில்லை. என் தங்கைக்கு ஏழு வாரம் முடியவே இல்லை. நீங்கள் சொல்லும் தேதி வருவதற்குள் அவள் ஆபரேஷன் மேஜைக்குப் போய்விட்டாள்.

ஓய்வுபெற்ற நர்ஸ், ராயபுரம்:
உண்மை மகளே, மறுக்க மாட்டேன். எந்த நாளைக் குறித்தாலும் அதற்கு முன்னால் ஒருத்திக்கு நடந்துவிடும். இன்றைக்கே எடுத்து உள்ளே ஒன்றும் தெரியவில்லை என்றால், அது சீக்கிரம் வந்ததாலா, குழாயில் இருப்பதாலா என்று அந்த ஸ்கேனும் சொல்லாது. ரத்தத்தில் எச்.சி.ஜி. என்கிற கர்ப்ப ஹார்மோனின் அளவை 48 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பார்க்க வேண்டிவரும். ஆனால் ஒரு பக்க வலி, ரத்தக்கசிவு, தோள்பட்டை வலி, தலைசுற்றல் இவற்றில் ஒன்று வந்தாலும் வாரத்தை எண்ணாமல் அன்றே, அந்த மணியே போக வேண்டும். ஓமத் தண்ணீர் வேண்டாம்.

தண்டையார்பேட்டை மருமகள்:
எல்லோருக்கும் நன்றி. வரும் வாரம் விட்டு அடுத்த வாரக் கடைசியில், ஏழு வாரம் முடிந்ததும் போகலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். சுகாதார நிலையத்திலேயே எழுதி வாங்கி அரசு மருத்துவமனையில் எடுத்துக்கொள்கிறேன், அங்கே கட்டணமும் இல்லை. மாமியாரிடம் எக்ஸ்ரே இல்லை என்று சொன்னேன், கொஞ்சம் சமாதானமானார். நர்ஸம்மா, நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போக வேண்டுமா?

ஓய்வுபெற்ற நர்ஸ், ராயபுரம்:
வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பது என்றால் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு போ. உள்வழி என்றால் சிறுநீர் கழித்துவிட்டுப் படுக்க வேண்டும். எது என்று முதலில் கேட்டுக்கொள். ஆதார் அட்டையும் டாக்டர் சீட்டும் எடுத்துப் போ. பாலினம் கண்டறிவதற்கு எதிரான 1994 சட்டப்படி படிவம் நிரப்பிக் கையெழுத்து வாங்குவார்கள், பயப்படாதே.

வியாசர்பாடி அம்மா:
தங்கச்சி, துடிப்பு தெரியவில்லை என்று சொன்னால் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டு, ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு வா. மாத்திரை கொடுத்தால் அன்றைக்கே போட்டுவிடாதே.

காசிமேட்டுக்காரி:
நான் இன்னும் நாளைக்கே போ என்றுதான் சொல்வேன். போகவில்லை என்றால், அதுவரை பகலில் தனியாக இருக்காதே. பக்கத்து வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வை. மூன்று மாதம் வரை யாருக்கும் சொல்லக்கூடாது என்று என் தங்கை சொல்லாமல் இருந்தாள். அவள் விழுந்தபோது கதவைத் தட்டியவர்களுக்கு அவள் மாசமாக இருப்பதே தெரியாது.