யிட்டெர்பியம் ரோடியம் சிலிசைடு (1:2:2): 100 மில்லிகெல்வினுக்குக் கீழே ஸ்கேலிங் ஏன் உடைகிறது?

கேள்வி:
காந்தப்புலம் (பி) படிகத்தின் சி-அச்சுக்குச் செங்குத்து. மாறுநிலைப் புலமான (காந்த ஒழுங்கு மறையும் புலம், பிசி) 60 மில்லிடெஸ்லாவில் தன்வெப்பம்/வெப்பநிலை 10 கெல்வினிலிருந்து 0.3 கெல்வின் வரை மடக்கையாக ஏறுகிறது. கீழே போனால் இன்னும் செங்குத்தாக. பல புலங்களின் வளைவுகளை டி/(பி−பிசி) அச்சில் போட்டால் (டி வெப்பநிலை) மேல்வெப்பத்தில் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன (இதுதான் ஸ்கேலிங்), 100 மில்லிகெல்வினுக்குக் கீழே பிரிந்துவிடுகின்றன. அச்சில் (பி−பிசி)-யின் அடுக்கெண்ணை மாற்றிப் பார்க்கலாமா?

பதில் 1:
அடுக்கெண்ணைத் தொடாதீர்கள். முதலில் அணுக்கருப் பங்கைக் கழியுங்கள். யிட்டெர்பியம்-173 (சுமார் 16%, சுழற்சி 5/2) மின் நான்முனை (கோளமற்ற மின்னூட்டப் பரவல்) கொண்டது. புலமே இல்லாவிட்டாலும் அதன் மட்டங்கள் பிளந்திருக்கும். அந்தப் பங்கு தன்வெப்பத்தில் ஏ/டி², நீங்கள் வரையும் சி/டி-யில் (தன்வெப்பம்/வெப்பநிலை) ஏ/டி³. வெப்பநிலை பாதியானால் எட்டு மடங்கு!

1 டெஸ்லாவும் அதற்கு மேலும் சில புலங்களில், ஃபெர்மி திரவப் பகுதியில் (எலக்ட்ரான்களின் சி/டி மாறாத பகுதி), சி×டி²-ஐ டி³-க்கு எதிராக வரையுங்கள். நேர்கோட்டின் வெட்டுத்துண்டுதான் ஏ. ஏ-யை பி²-க்கு எதிராகப் போட்டு 60 மில்லிடெஸ்லாவுக்கு நீட்டுங்கள். 60-லேயே நேரடியாகப் பொருத்தினால் தவறு. அங்கே காமா (எலக்ட்ரான் பங்கின் சி/டி) மாறிலி அல்ல.

பதில் 2:
மேலே சொன்னது சரி, ஆனால் ஏற்றம் முழுவதையும் துடைத்துவிடக் கூடாது. 5% ஜெர்மேனியம் கலந்த படிகத்தில் 0.3 கெல்வினுக்குக் கீழே எலக்ட்ரான் பங்கே டி-யின் −1/3 அடுக்காக ஏறுவது 2003-இல் வெளியானது. கழித்தபின் மடக்கைக் கோடு அப்படியே கீழ்வரை நீண்டால், அதிகமாகக் கழித்துவிட்டீர்கள் என்று சந்தேகப்படுங்கள்.

முடிந்தால் வெப்ப விரிவையும் அளந்து க்ரூனைசன் விகிதம் (வெப்ப விரிவுக்கும் தன்வெப்பத்துக்கும் உள்ள விகிதம்) பாருங்கள். சுழற்சி அடர்த்தி அலைக் கோட்பாடு (காந்த ஒழுங்கின் ஏற்ற இறக்கங்களே மாறுநிலையை ஆள்கின்றன என்பது) இந்த விகிதம் டி-யின் −1 அடுக்கு என்கிறது. சீரியம் நிக்கல் ஜெர்மேனைடு (1:2:2) அதன்படியே நடக்கிறது. ஜெர்மேனியம் கலந்த இந்தப் படிகமோ −0.7 தந்தது. எனக்கு இந்தக் குடும்பத்தில் மிகவும் பிடித்த முடிவு இதுதான்: அலைக் கோட்பாடு இங்கே போதாது என்பதை ஒரே வரைபடம் காட்டிவிடுகிறது.

பதில் 3:
புலத்தின் சுழியைச் சோதித்தீர்களா? மீக்கடத்து காந்தத்தில் 3 மில்லிடெஸ்லா எஞ்சியிருந்தால், 70 மில்லிடெஸ்லா வளைவில் பி−பிசி 30% பிசகும். மாதிரிக்குப் பக்கத்தில் ஹால் உணரி (காந்தப்புல அளவி) வையுங்கள்.

புலத்தைத் தளத்துக்குள் (சி-அச்சுக்குச் செங்குத்தாக) வைத்து அளக்கும்போது 5° சாய்வு பெரிதாகக் கெடுக்காது. சி-அச்சு வழியே அளக்கும்போதுதான் ஆபத்து: 5° விலகினாலே 0.66 டெஸ்லா மாறுநிலைப் புலம் சுமார் 0.48-ஆகத் தெரியும்.

தளர்வு முறையில் (மாதிரியைச் சற்றுச் சூடாக்கி, அது தணிவதைப் பார்ப்பது) அளப்பவர்கள் கீழ்வெப்பத்தில் தணிவு வளைவை ஒற்றை அடுக்குக்குறிச் சார்பாகப் பொருத்தாதீர்கள். அணுக்கருக்களுக்கு வெப்பம் தாமதமாகப் போவதால் இரண்டு நேர மாறிலிகள் வரும். எஞ்சிய விலகலை வரைந்தால் உடனே தெரியும். இண்டியம் உருகலில் வளர்த்த படிகம் என்றால், சுழிப் புலத்தில் 3.4 கெல்வினில் மின்தடை சரிகிறதா என்றும் பாருங்கள். சரிந்தால் மேற்பரப்பில் இண்டியம் ஒட்டியிருக்கிறது (அது அந்த வெப்பநிலையில் மீக்கடத்தியாகும்). சுரண்டி எடுத்துவிட்டு எடை போட்டு, மறுபடி அளக்க வேண்டும்.