69 ஷெவெல் மலிபுவுக்குப் பின் ஆக்சில்: 12-போல்டா, ஃபோர்டு 9 இன்ச்சா, இருப்பதே போதுமா?

மலிபு69:
வணக்கம். மிஷிகனில் 1969 ஷெவர்லே (ஷெவி) ஷெவெல் மலிபு வைத்திருக்கிறேன். 350 கன இன்ச் இன்ஜின், டர்போ 350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், பின்னால் 10-போல்ட் ஆக்சில் (கவரில் 10 போல்ட்), 3.08 விகிதம் (சக்கரம் ஒரு சுற்றுக்கு டிரைவ்ஷாஃப்ட் 3.08 சுற்று), ஓப்பன் டிஃப் (இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டாத டிஃபரன்ஷியல்). இந்தக் குளிர்காலத்தில் இன்ஜினை 383 கன இன்ச் ஆக்கப் போகிறேன், 400 குதிரைத்திறனை ஒட்டி வரும். இப்போதே சிக்னலில் கொஞ்சம் மிதித்தால் வலது பின் டயர் மட்டும் புகைவிட்டுச் சுற்றுகிறது, இடது டயர் வேடிக்கை பார்க்கிறது. பழைய 8.2 இன்ச் (உள்ளே இருக்கும் கிரவுன் சக்கரத்தின் விட்டம்) 10-போல்ட் 400 குதிரைக்குத் தாங்காது என்று ஆளாளுக்குப் பயமுறுத்துகிறார்கள். 12-போல்ட் வாங்கவா, ஃபோர்டு 9 இன்ச் போடவா? வருடத்துக்கு இரண்டு மூன்று முறை டிராக் ஸ்ட்ரிப் (நேர்கோட்டு வேகப் பந்தயத் தடம்), மீதி நாள் ஊர் சுற்றல். ஆகஸ்ட்டில் வுட்வர்ட் ட்ரீம் க்ரூஸுக்கு (டெட்ராய்ட் பக்கம் நடக்கும் பழைய கார் ஊர்வலம்) வண்டி தயாராக இருக்க வேண்டும்.

ஒன்பது_அங்குலம்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது நண்பா, 9 இன்ச் போடு. 1957 முதல் 1986 வரை ஃபோர்டு அதைச் செய்தது, இன்றைக்கும் டிராக் வண்டிகளில் எட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் அதுதான். பினியனுக்கு (டிரைவ்ஷாஃப்ட்டோடு சுற்றி, பெரிய கிரவுன் சக்கரத்தைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரம்) முன்பக்கம் இரண்டு பேரிங், பின்முனையிலும் ஒன்று பிடித்துக்கொள்கிறது, அதனால் லோடு வரும்போது பினியன் கிரவுனை விட்டு விலகி ஓடாது. ஷெவி ஆக்சிலில் அந்த மூன்றாவது பேரிங் கிடையாது. அப்புறம் முக்கியமான விஷயம், சி-கிளிப். உன் 10-போல்ட்டிலும் சரி, அந்த 12-போல்ட்டிலும் சரி, ஆக்சில் தண்டை உள்ளே பிடித்து வைத்திருப்பது விரல் நீளம்கூட இல்லாத ஒரு கிளிப். தண்டு உடைந்தால் சக்கரம் ஆக்சிலோடு வெளியே வந்துவிடும். 9 இன்ச்சில் ஆக்சிலை வெளி முனையில் பேரிங் ரீட்டெய்னர் பிடிக்கிறது, உள்ளே உடைந்தாலும் சக்கரம் இடத்திலேயே நிற்கும். விகிதம் மாற்ற வேண்டுமா, முன்பக்கமாக கிரவுன், பினியன் அடங்கிய முழு குண்டையும் கழற்றி வேறொன்றை மாட்டலாம். மற்றவர்கள் தரையில் படுத்து ஷிம் (இடைவெளி சரிசெய்யும் மெல்லிய தகடு) கணக்குப் பார்க்கும்போது நீ காபி குடிக்கலாம்.

போ_டை_பக்தன்:
ஷெவியின் வயிற்றில் ஃபோர்டா? வாசலில் நின்று பார்க்கிறவனுக்குத் தெரியாது, ஆனால் கார் ஷோவில் எவனாவது குனிந்து பார்த்துச் சிரிப்பான். அதை விடுங்கள், காரியமாகவே பேசுவோம். 9 இன்ச்சில் பினியன் கிரவுனின் மையத்தைவிட ரொம்பத் தாழ்வாக உட்கார்ந்திருக்கிறது. பல் மேல் பல் அதிகமாக வழுக்கும். பலமும் அதில்தான் வருகிறது, சூடும் அதில்தான் வருகிறது. அந்தச் சூடு உங்கள் இன்ஜின் கொடுத்த குதிரையில் இருந்துதான் போகிறது. 12-போல்ட் அந்த வகையில் சிக்கனம்.

இரண்டாவது, ஷெவெல்லில் காயில் ஸ்பிரிங், ஆக்சிலை வண்டியோடு இணைக்க நான்கு கண்ட்ரோல் ஆர்ம். மேல் ஆர்ம் இரண்டும் பிடிப்பது டிஃப் வார்ப்பிலேயே இருக்கிற இரண்டு காதுகளில். 12-போல்ட்டில் அந்தக் காது கம்பெனியிலேயே வந்தது, ஷெவெல்லின் வேக மாடல் SS396-க்கு அதைத்தான் போட்டார்கள். 9 இன்ச்சுக்கு அந்தக் காதைத் தனியாக வெல்டு செய்து கொடுக்கிறார்கள். ஒரு பாகை கோணல் வந்தால்கூட பினியன் கோணம் கெட்டு 60 மைலில் வண்டி அதிரும். சி-கிளிப் பயம் இருந்தால் 12-போல்ட்டுக்கே கிளிப் இல்லாத முனைகள் கிடைக்கின்றன. கிரவுன் 8.875 இன்ச், ஆக்சில் தண்டு முனையில் 30 ஸ்ப்லைன் (பல் வரிகள்). 400 குதிரைக்கு இது போதாது என்றால் எதுதான் போதும்?

ஒன்பது_அங்குலம்:
சூடு சூடு என்கிறீர்கள், வழக்கமாகச் சொல்வது 2, 3 சதவீதம். 400-ல் 10 குதிரை. ஆக்சில் உடைந்தால் 400-ம் போச்சு. 😄

பட்ஜெட்_பாலன்:
இரண்டு பேரும் தம்பியின் பர்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். முழுசாக முடித்த புது ஆக்சில், எந்தப் பெயரில் வந்தாலும், பிரேக்கோடு சேர்த்து 3000 டாலரைத் தாண்டும். எனக்கு ஒரே கேள்விதான், டயர் என்ன? சாதாரண ரேடியல் போட்ட மலிபுவில் 400 குதிரை தரைக்குப் போகவே போகாது, டயர் வழுக்கிவிடும். வழுக்குகிற டயர் ஆக்சிலுக்கு ஃபியூஸ் மாதிரி. ஆக்சில் உடைவது பிடிப்பினால், குதிரைத்திறனால் இல்லை. ஸ்லிக் (பந்தயத்துக்கான மொழுக்கு) டயர் போட்டு, கிளட்ச்சை டொப்பென்று விடுகிற நான்கு கியர் மேனுவல் வண்டியில்தான் பல் பறக்கும். இவரிடம் இருப்பது ஆட்டோமேட்டிக், டார்க் கன்வெர்ட்டர் அந்த அடியை மெதுவாகத்தான் கொடுக்கும்.

வலது டயர் மட்டும் சுற்றுவதற்குக் காரணம் ஓப்பன் டிஃப். டிரைவ்ஷாஃப்ட் முறுக்கும்போது முழு ஆக்சிலும் அது சுற்றும் பக்கமே திரும்பப் பார்க்கிறது, வலது சக்கரத்தின் பாரம் குறைகிறது, ஓப்பன் டிஃப்போ எது லேசாகச் சுற்றுகிறதோ அதோடு போய்விடும். ஒரு நல்ல போஸி (இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து விசை தரும் டிஃப்), 3.55 கியர், புது பேரிங். அவ்வளவுதான். இருக்கிற ஆக்சிலிலேயே மூன்றில் ஒரு பங்குச் செலவில் முடியும்.

ஒன்பது_அங்குலம்:
8.2-க்கு அந்தக் காசைப் போடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. நாளைக்கு டிராக் ரேடியல் (நன்றாகப் பிடிக்கும் பந்தய டயர்) வாங்கத்தான் போகிறார், எல்லோரும் வாங்குகிறோம். வாங்கிய அன்றைக்கே அந்த ஃபியூஸ் கழன்றுவிட்டது. அப்புறம் பாலன் அண்ணன் வந்து உடைந்த ஸ்பைடர் கியரை (டிஃப்புக்குள் இருக்கும் சின்னப் பல்சக்கரங்கள்) பொறுக்கித் தருவாரா?

பட்ஜெட்_பாலன்:
தருகிறேன், நீங்கள் 3000 டாலர் தாருங்கள்.

மலிபு69:
டயர் சாதாரண ரேடியல்தான், 26 இன்ச் உயரம். ஆனால் பாலன் அண்ணா, ஸ்ட்ரிப்புக்குப் போகும்போது நல்ல டயர் மாட்டலாம் என்றுதான் இருக்கிறேன். 3.55-ஆ 4.10-ஆ என்பதிலும் குழப்பம். 4.10 போட்டால் ராக்கெட் மாதிரி கிளம்பும் என்கிறார்கள்.

போ_டை_பக்தன்:
4.10 வேண்டவே வேண்டாம். உங்களுக்கு ஓவர்டிரைவ் (நெடுஞ்சாலையில் இன்ஜின் சுற்றைக் குறைக்கும் கியர்) இல்லை. 26 இன்ச் டயரில் 65 மைல் வேகத்துக்கு இப்போது 3.08-ல் சுமார் 2590 சுற்று ஓடும். 3.55-ல் 2980. 4.10-ல் 3440. நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் 3440 சுற்றில் போய்ப் பாருங்கள், பக்கத்தில் உட்கார்ந்த மனைவி அடுத்த தடவை வரமாட்டார். 700ஆர்4 (ஓவர்டிரைவ் உள்ள நான்கு கியர் ஆட்டோமேட்டிக்) போடுகிற எண்ணம் இருந்தால் கதை வேறு, அதன் நான்காவது கியர் 0.70. அப்போது 3.73 போட்டாலும் 2200-க்குள் அடங்கும். இன்னொன்று, 12-போல்ட்டில் 3.55, 3.73-க்கு ஒரு கேரியர் (கிரவுனைத் தாங்கும் கூடு), 4.10-க்கு வேறு கேரியர். பின்னால் மனசு மாறினால் அதற்கும் காசு.

கிரவுன்_பினியன்:
கொஞ்ச நாளாக இந்தப் பக்கம் வரவில்லை, அதற்குள் இவ்வளவு சத்தமா. நான் நாமக்கல் பக்கத்து லாரி பட்டறையில் வளர்ந்தவன், அங்கே கிரவுன்-பினியன் மாற்றுகிற மேஸ்திரி சொல்லித் தந்தது ஒன்றுதான்: சாமான் எந்தக் கம்பெனி என்பது அப்புறம், உட்கார வைக்கிற கை முதலில். இங்கே வந்து 20 வருடமாகப் பார்க்கிறேன், உடைந்து வருகிற ஆக்சில்களில் பாதி தப்பாக உட்கார வைத்தது.

என் சொந்தக் கதை. 70 நோவா. 12-போல்ட், புது 3.73 கியர், ஒரு பட்டறையில் கொடுத்தேன், பெயர் வேண்டாம். வாங்கிய அன்றே 45 மைலில் ஆக்சிலரேட்டரை விட்டால் பின்னால் நாய் ஊளையிடுகிற மாதிரி சத்தம். 'புதுசு, பழகிவிடும்' என்றார்கள். பழகவில்லை. நானே கவரைக் கழற்றி, டயல் காந்தத்தை (காந்த அடி வைத்த நுண் அளவு டயல்) ஹவுசிங் முகத்தில் ஒட்டி, முள்ளைக் கிரவுன் பல்லில் வைத்துப் பார்த்தால் பேக்லாஷ் (பல்லுக்குப் பல் இடைவெளி) ஓர் இன்ச்சில் ஆயிரத்தில் 3 பங்கு. 6 முதல் 10 இருக்க வேண்டும். மஞ்சள் பேஸ்ட் தடவிச் சுற்றினால் தடம் பல்லின் அடியில் போய்க் கிடக்கிறது. எண்ணெயில் மினுமினுவென்று வெள்ளித்தூள். 300 மைலில் கியர் செட் குப்பைக்குப் போனது. அந்த ஆக்சில் 12-போல்ட்தான் பக்தரே, அது என்னைக் காப்பாற்றவில்லை.

கிரஷ் ஸ்லீவ் என்று ஒரு குழாய் துண்டு பினியனில் வரும். நட்டை இறுக்க இறுக்க அது நசுங்கி பேரிங்குக்குச் சரியான இறுக்கம் கொடுக்கும். கால் திருகு கூடிப்போனால் திரும்பத் தளர்த்த முடியாது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்க வேண்டும். பொறுமை இல்லாதவன் நட்டைக் கொஞ்சம் பின்னால் திருப்பிவிட்டுப் போய்விடுவான். இதைத்தான் விசாரிக்க வேண்டும், யார் செய்யப் போகிறார், எத்தனை செய்திருக்கிறார் என்று. முடிந்த பிறகும் முதல் நாள் 15, 20 மைல் மெதுவாக ஓட்டி முழுசாக ஆறவிட்டு, அதையே சில தடவை செய்து, 500 மைலில் எண்ணெய் மாற்ற வேண்டும். கிளட்ச் வகை போஸி என்றால் எண்ணெயோடு அதற்கான அடிட்டிவ்வும் மறக்கக்கூடாது, இல்லாவிட்டால் பார்க்கிங்கில் திரும்பும்போது கடகடவென்று அடிக்கும்.

தம்பி மலிபு, ஒரு சந்தேகம். உங்களுடையது 8.2 என்று எப்படித் தெரியும்? கவரில் 10 போல்ட் எண்ணினீர்களா, இல்லை யாராவது சொன்னார்களா? 8.5 இன்ச்சும் 10-போல்ட்தான். கீழே படுத்து வார்ப்பின் அடிப்பக்கம் பாருங்கள். 8.2 அடியில் மொழுக்கென்று உருண்டையாக இருக்கும். 8.5-ல் கடிகாரத்தில் 5 மணி, 7 மணி இருக்கிற இடத்தில் சதுரமாக இரண்டு புடைப்பு தெரியும்.

ஒன்பது_அங்குலம்:
69-ல் 8.5 கிடையாது அண்ணே. 70-ல்தான் கமாரோவில் வந்தது.

கிரவுன்_பினியன்:
கம்பெனியில் இருந்து வந்ததைக் கேட்கவில்லை. 55 வருடத்தில் எத்தனை கை மாறியிருக்கும்? 71, 72 ஷெவெல் ஆக்சில் 69-ல் அப்படியே போல்ட் ஆகும்.

மலிபு69:
இப்போதுதான் ஜாக் போட்டு, டார்ச் பிடித்துப் படுத்துப் பார்த்தேன். 50 வருட அழுக்கை ஸ்குரூடிரைவரால் சுரண்ட வேண்டியிருந்தது. அடியில் இரண்டு சதுரப் புடைப்பு இருக்கிறது. 5 மணியில் ஒன்று, 7 மணியில் ஒன்று.

பக்கத்திலேயே டிரைவ்ஷாஃப்ட்டில் சாக்பீஸ் கோடு போட்டு, ஒரு சக்கரத்தை மனைவி பிடித்துக்கொள்ள இன்னொன்றை இரண்டு முழுச் சுற்று சுற்றினேன். ஷாஃப்ட் இரண்டே முக்கால் தடவைதான் சுற்றியது. 3.08-ம் பொய், 2.73 போல இருக்கிறது. விற்றவர் சொன்னதை நம்பி எழுதிவிட்டேன், மன்னிக்கவும்.

பட்ஜெட்_பாலன்:
😂😂 87 பியூக் கிராண்ட் நேஷனலுக்குக் கம்பெனி போட்டது இதே 8.5 குடும்பம்தான். போஸி, புது கியர், நல்ல கை. எடுத்து வைத்த 3000-ஐ இன்ஜினில் போடுங்கள்.

போ_டை_பக்தன்:
8.5 என்றால் நானும் ஒப்புக்கொள்கிறேன். ஷெவர்லேயின் தாய்க் கம்பெனி ஜிஎம் சாமான்தானே.

ஒன்பது_அங்குலம்:
சி-கிளிப் அதிலும் இருக்கிறது என்பதை மட்டும் பதிவு செய்துவிட்டுப் போகிறேன்.

கிரவுன்_பினியன்:
தம்பி, கவரைக் கழற்றும் நாள் சொல்லுங்கள், டயல் காந்தம் என்னிடம் இருக்கிறது, கொண்டு வருகிறேன்.