சண்முகானந்தா அரங்குக்கு எந்த ஸ்டேஷனில் இறங்குவது? (மும்பை)

டோம்பிவிலிக்காரன்

ஞாயிறு மாலை 5.30க்கு சண்முகானந்தாவில் கச்சேரி. ஆட்கள் நாலு திசையிலிருந்து வருகிறார்கள். நாங்கள் டோம்பிவிலி, கூட மூட்டுவலி உள்ள அம்மா. அக்கா குடும்பம் வாஷி. மச்சான் போரிவலி. சித்தப்பா சென்னை வண்டியில் அன்று மதியம் எல்டிடியில் (லோகமான்ய திலக் டெர்மினஸ்) இறங்குகிறார். டிக்கெட்டில் முகவரி ‘சயான் கிழக்கு’ என்று இருக்கிறது. விசாரித்தால் ஒருவர் மாட்டுங்கா என்கிறார், இன்னொருவர் கிங்ஸ் சர்க்கிள் என்கிறார். மழைக்காலம் வேறு. யார் எங்கே இறங்கினால் சரி?

ஹார்பர் லைன்

முகவரியில் சயான் என்று இருப்பதால்தான் இந்தக் குழப்பமே. அரங்குக்குப் பக்கத்து ஸ்டேஷன்கள் இரண்டும் லோக்கல் ரயிலின் ஹார்பர் பாதையில் இருக்கின்றன: கிங்ஸ் சர்க்கிள், ஜிடிபி நகர். எதில் இறங்கினாலும் நடை 10 நிமிடம்தான். சயானும் மாட்டுங்காவும் சென்ட்ரல் பாதை. அங்கிருந்து நடந்தால் 20 நிமிடத்துக்குக் குறையாது.

ஆனால் இந்த ஹார்பர் ஸ்டேஷன்கள் இரண்டும் ஒரே தடத்தில் இல்லை. வடாலா ரோடில் பாதை பிரிகிறது. ஜிடிபி நகர் குர்லா, வாஷி, பன்வேல் பக்கம் போகும் தடம். கிங்ஸ் சர்க்கிள் மாஹிம், பாந்த்ரா, அந்தேரி பக்கம் போகும் தடம். வாஷியிலிருந்து வருபவர்கள் ‘கிங்ஸ் சர்க்கிள்தான் பக்கம்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு வடாலா வரை போய், பிரிட்ஜ் ஏறி, எதிர்த் தடத்துக்குக் காத்திருந்து அரை மணி நேரத்தை விடுவார்கள். தேவையே இல்லை.

அக்கா: வாஷியில் சிஎஸ்எம்டி (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) லோக்கல் ஏறி, சுனாபட்டிக்கு அடுத்த ஸ்டேஷனான ஜிடிபி நகரில் இறங்கட்டும். வண்டி மாற வேண்டாம்.

மச்சான்: போரிவலியில் சர்ச்கேட் ஃபாஸ்ட் பிடித்து பாந்த்ராவில் இறங்கி, ஹார்பர் பிளாட்ஃபார்முக்கு மாற வேண்டும். அங்கிருந்து மாஹிம், அடுத்தது கிங்ஸ் சர்க்கிள். ஹார்பரில் வண்டி குறைவு, ஞாயிறு இன்னும் குறைவு. செயலியில் நேரம் பார்த்துக்கொண்டு கிளம்பச் சொல்லுங்கள்.

சித்தப்பா: எல்டிடியிலிருந்து குர்லா ஸ்டேஷனுக்கு ஆட்டோ பிடிக்கவே வேண்டாம். திலக் நகர் ஸ்டேஷன் நடந்துபோகும் தூரம்தான். அங்கிருந்து குர்லா, சுனாபட்டி, மூன்றாவது ஜிடிபி நகர்.

மாட்டுங்கா கிழக்கு

டோம்பிவிலி ஃபாஸ்ட் வண்டிகள் சயானிலும் நிற்காது, மாட்டுங்காவிலும் நிற்காது. குர்லாவை விட்டால் தாதர்தான். வழக்கமாகச் சொல்லும் வழி ஃபாஸ்ட்டில் குர்லா வந்து, 7, 8ஆம் பிளாட்ஃபார்முக்கு மாறி, ஹார்பரில் இரண்டாவது ஸ்டேஷனில் இறங்குவது. திடமான காலுக்கு அது நல்ல வழி. மூட்டுவலிக்காரருக்குக் குர்லா பிரிட்ஜ் ஆகாது. அந்தக் கூட்டத்தில் நின்று மூச்சு வாங்கக்கூட இடம் கிடைக்காது.

அம்மாவோடு வருபவர்கள் டோம்பிவிலியிலேயே ஸ்லோ ஏறி, மாறாமல் நேராக மாட்டுங்கா வாருங்கள். கால் மணி நேரத்துக்கு மேல் கூடும், போகட்டும். கிழக்குப் பக்கம் வெளியே வந்து கறுப்பு-மஞ்சள் டாக்ஸி பிடியுங்கள். முதல் 1.5 கிலோமீட்டருக்கு 31 ரூபாய் (2025 பிப்ரவரி முதல்), அரங்குக்கு 40க்குள் முடிந்துவிடும். ‘சண்முகானந்தா ஹால்’ என்றே சொல்லுங்கள். வெறும் கிங்ஸ் சர்க்கிள் என்றால் மகேஷ்வரி உத்யான் தோட்டத்தருகே இறக்கிவிடுவார். ஸ்டேஷனும் அரங்கும் அதற்கும் வடக்கே இருக்கின்றன. செயலியில் டாக்ஸி போட்டாலும் இதே கதைதான்.

கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷன் அம்மாவுக்கு வேண்டாம். ரயில் அங்கே சாலைக்கு மேலே பாலத்தில் போகிறது, படி இறங்கித்தான் ஆக வேண்டும்.

சீக்கிரம் வந்து மாட்டுங்காவில் டிபன் சாப்பிடலாம் என்று நினைத்தால், ஞாயிறு வரிசைக்கே முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

டைம்டேபிள்

எல்லாம் சரி, ஞாயிறு என்பதை மறந்துவிட்டீர்களே. மெகா பிளாக் (பராமரிப்பு வேலைக்காகச் சில மணி நேரம் ரயிலை நிறுத்துவது) எந்தப் பாதையில் என்று ரயில்வே முன்கூட்டியே அறிவித்துவிடும். அதைப் பார்க்காமல் மேலே சொன்ன எதையும் நம்பிக் கிளம்பாதீர்கள்.

பன்வேல்–வாஷி பிளாக் என்றால் கவலையில்லை, வாஷியிலிருந்து சிறப்பு லோக்கல் ஓடும். சிஎஸ்எம்டி–சுனாபட்டி/பாந்த்ரா பிளாக் என்றால்தான் வினை: ஜிடிபி நகர், கிங்ஸ் சர்க்கிள் இரண்டும் காலை 11 சுமாருக்கு அடைத்து மாலை நாலரைக்கு மேல்தான் திறக்கும். திறந்த உடனே வரும் வண்டிகள் தாமதமாகவும் நிரம்பியும் வரும், 5.30 கச்சேரிக்கு அதை நம்ப முடியாது. அன்று அக்காவும் சித்தப்பாவும் குர்லா வரை வரும் சிறப்பு லோக்கலில் வந்து, மெயின் லைன் (சென்ட்ரல் பாதை) ஸ்லோவுக்கு மாறி, அடுத்த ஸ்டேஷனான சயானில் இறங்கி டாக்ஸி பிடிக்க வேண்டும். ஹார்பர் டிக்கெட்டே போதும். பிளாக் நாளில் காலை 10 முதல் மாலை 6 வரை மெயின் லைனிலும் வெஸ்டர்னிலும் போக அனுமதி உண்டு. மச்சான் நேராகத் தாதர் வந்து, கிழக்கே தாதர் டிடி சர்க்கிளிலிருந்து அம்பேத்கர் சாலை வழியாகச் சயான் போகும் பெஸ்ட் (மாநகரப்) பஸ்ஸிலோ டாக்ஸியிலோ வரலாம்.

மாட்டுங்கா–முலுண்ட் ஸ்லோ தடத்தில் பிளாக் என்றால் ஸ்லோ வண்டிகளை ஃபாஸ்ட் தடத்தில் விடுவார்கள். சயானில் நிற்கும், ஆனால் வேறு பிளாட்ஃபார்மில். இண்டிகேட்டர் பார்க்காமல் வழக்கமான பக்கம் நின்றால் வண்டி எதிரே போகும், நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

டோம்பிவிலிக்காரன்

ரொம்ப நன்றி எல்லாருக்கும். மச்சான் காரிலேயே வந்துவிடலாமா என்கிறார். செம்பூரிலிருந்து சிநேகிதர் ஒருவர் ஆட்டோவில் வருவதாகவும் சொல்கிறார்.

ஹார்பர் லைன்

ஆட்டோவுக்குச் சயான்தான் எல்லை, அதைத் தாண்டி தெற்கே வர அனுமதி இல்லை. அங்கே இறங்கி டாக்ஸியோ பஸ்ஸோ மாற வேண்டும். செம்பூர்க்காரருக்கும் ஜிடிபி நகர் லோக்கல்தான் சுலபம், 5 ரூபாய் டிக்கெட்டை ஆட்டோ மீட்டரோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கார் வேண்டாம் என்பேன். அரங்கில் இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கை. வண்டி நிறுத்த இடம் அதில் ஒரு துளிக்குத்தான். சயான் ரயில்வே மேம்பாலத்தை இடித்துக் கட்டுவதற்காக 2024 ஆகஸ்ட் 1 அன்று மூடினார்கள். தாராவி, எல்பிஎஸ் சாலை பக்கமிருந்து கிழக்கே வரும் கார்கள் அன்றைய நிலவரம் பார்த்துத்தான் வழி எடுக்க வேண்டும்.

இன்னொன்று மழை. காந்தி மார்க்கெட், கிங்ஸ் சர்க்கிள் பகுதி கிண்ணம் போலத் தாழ்வானது. கடல் ஏற்றமாக இருக்கும்போது கனமழை கொட்டினால் தண்ணீர் வடிய வழியில்லாமல் அம்பேத்கர் சாலையிலேயே நின்றுவிடும். மாநகராட்சி மழைக்கால ஏற்ற நேரப் பட்டியலை வெளியிடுகிறது, 4.5 மீட்டருக்கு மேல் ஏற்றம் மாலையில் விழுந்தால் இரண்டு மணி நேரம் முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிடுங்கள். தடத்தில் தண்ணீர் ஏறினால் சுனாபட்டி, குர்லா பக்கம் ஹார்பர்தான் பெரும்பாலும் முதலில் நிற்கும்.

மாட்டுங்கா கிழக்கு

திரும்பும்போது: கச்சேரி முடிந்ததும் வாசலில் டாக்ஸிக்கு அடிதடி, பக்கத்து சவாரி என்றால் பாதிப்பேர் வரமாட்டார்கள். மங்களம் பாடும் முன்பே ஒருவர் வெளியே போய் வண்டி பிடித்து வைக்கட்டும், அம்மா நிதானமாக வரலாம். மாட்டுங்காவிலிருந்து கல்யாண் ஸ்லோவில் ஏறுங்கள். டிக்கெட்டை வரும்போதே ரிட்டர்னாக எடுத்துவிடுங்கள்.